கடலோரத்தில் அந்தரத்தில் நிற்கும் பறவை: பெயர் தெரியாத ஒன்றை அடையாளம் காண்பது எப்படி?

முட்டம் கடற்கரையில் செம்மண் மேட்டின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தலைக்கு மேலே பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒரு பறவை ஆணி அடித்து மாட்டியதுபோல் நிற்பது திடீரெனக் கண்ணில் படுகிறது. அது முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை, வட்டமிடவும் இல்லை. சிறகுகள் மட்டும் படபடக்கின்றன. அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் மறுபடியும் அதேபோல் நிற்கிறது. பருந்து என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் நாள்தோறும் பார்க்கும் பருந்து இப்படி நின்று பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெளிறிய வானத்தில் ஒரு கருப்புப் புள்ளிதான் மிஞ்சியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். நிறம் தெரியவில்லை, அலகு தெரியவில்லை, ஆகவே எதுவும் தெரியவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மிக முக்கியமான செய்தி ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. குமரி மாவட்டத்தின் கடப்புறங்களிலும் காயல்களிலும் குளங்களிலும் ஏலா எனப்படும் வயல்வெளிகளிலும் நூற்றுக்கணக்கான பறவை இனங்களைக் காண முடியும் என்றாலும், வானத்தில் ஒரே இடத்தில் நின்று கீழே பார்த்து இரை தேடும் வழக்கம் உடையவை மிகச் சிலவே. பறவை உண்மையிலேயே அந்தரத்தில் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், பெரும்பாலான பெயர்கள் அப்போதே விலகிவிடுகின்றன. எஞ்சியவற்றைப் பிரித்தறிய, அது எப்படி நின்றது, எதற்கு மேலே நின்றது, பிறகு எப்படிக் கீழே இறங்கியது என்ற மூன்று கேள்விகள் பெரும்பாலும் போதும். நிறத்தைப் பற்றிய கேள்வி இவற்றுக்குப் பிறகே வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து; அதற்கான காரணத்தையும் இக்கட்டுரையிலேயே சொல்கிறேன்.

நிற்பதும் வட்டமிடுவதும்

பேச்சுவழக்கில் நாம் "பறவை மேலே சுத்திக்கிட்டே நிக்குது" என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் ஆகிய துறைமுகங்களில் மீன் இறங்கும் நேரத்தில் மேலே திரளும் கிருஷ்ணப் பருந்தும் கரும்பருந்தும் செய்வது வட்டமிடுதல். அவை சிறகை விரித்து, சூடேறி மேலெழும் காற்றில் ஏறி, வளையம் வளையமாகச் சுற்றுகின்றன, சிறகடிப்பது அரிது. அந்தரத்தில் நிற்பது என்பது அதுவன்று. தரையிலுள்ள ஒரு கல்லையோ நீரில் நட்ட ஒரு கம்பையோ அடையாளமாக வைத்துப் பார்த்தால், பறவை அதற்கு நேர்மேலே சில நொடிகளாவது இடம் மாறாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்வது எளிது. பக்கத்திலுள்ள ஒரு தென்னையின் ஓலை நுனிக்கும் பறவைக்கும் இடையிலான இடைவெளி மாறுகிறதா என்று, நாம் அசையாமல் நின்று பார்த்தாலே போதும்.

காற்றில் ஒரு பறவை எப்படி நிற்க முடிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அடையாளம் காணும் வேலை பாதி முடிந்துவிடும். மழைக்காலத்தில் பழையாற்றில் நீர் இழுத்துக்கொண்டு போகும்போது, அந்த இழுப்புக்கு எதிர்முகமாக ஒருவர் வள்ளத்தைத் துடுப்புப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர் எவ்வளவு வேகமாகக் கீழே இழுக்கிறதோ அவ்வளவு வேகத்தில் அவர் மேலே துழாவினால், கரையிலிருந்து பார்ப்பவருக்கு வள்ளம் ஒரே மரத்தின் நேராக நின்றுகொண்டிருப்பதாகத் தெரியும். வள்ளம் நிற்கவில்லை, நீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. கரையை ஒட்டிப் பார்க்கும்போதுதான் நிற்பதாகத் தோன்றுகிறது. கடற்கரையில் காற்றை எதிர்த்து நிற்கும் பறவையும் இதையேதான் செய்கிறது. காற்றின் வேகமும் பறவை முன்னேறும் வேகமும் ஒன்றையொன்று சரிக்கட்டும்போது, தரையை ஒட்டி அதன் வேகம் சுழியாகிவிடுகிறது. அந்தரத்தில் நிற்கும் பெரும்பாலான பறவைகள் காற்று வரும் திசையை நோக்கித் தலையை வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. கச்சான் காற்று கடலிலிருந்து வீசும் நாளில் முட்டத்திலும் மண்டைக்காட்டிலும் அவை கடலைப் பார்த்தே நிற்கும். வாடைக்காற்றில் மலையைப் பார்த்துத் திரும்பிவிடும்.

காற்று வலுத்தால் சிறகடிக்க வேண்டிய தேவை குறைந்துவிடும். முட்டத்தைப் போல, கடற்காற்று செங்குத்தான மேட்டின்மீது மோதி மேலே ஏறும் இடங்களில், சிறகை அசைக்காமலேயே, பட்டம் நிற்பதுபோல் நிற்கவும் பறவையால் முடிகிறது. காற்று தளர்ந்தால் அதே பறவை சிறகை வேகமாக அடித்து, வாலை விசிறிபோல் விரித்து, உடலைச் சற்று நிமிர்த்தி நிற்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரே பறவை காலையில் ஒரு மாதிரியும் பிற்பகலில் வேறு மாதிரியும் தோன்றலாம். புதியவர்கள் இவை இரண்டு வெவ்வேறு பறவைகள் என்று குறித்துவைத்துக் குழம்புவது இதனால்தான். காற்றே இல்லாத நேரத்தில் முழுக்க முழுக்கத் தன் சிறகின் வலிமையால் நிற்பது மிகக் கடினமான வேலை. அதை நன்றாகச் செய்யும் பறவை ஒன்று நம் காயல்களில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

நிற்கும் பறவையின் தலையைத் தொலைநோக்கி வழியாகக் கவனிப்பவர்கள் ஒன்றைக் கண்டு வியப்பார்கள். சிறகும் வாலும் உடலும் காற்றின் ஒவ்வொரு அசைவுக்கும் ஏற்பத் திருகிக்கொண்டிருக்க, தலை மட்டும் சில மில்லிமீட்டருக்கு மேல் அசைவதில்லை. பறவைகளின் கண்கள் மிகப் பெரியவை. மனிதக் கண்ணைப் போல் அவை குழிக்குள் தாராளமாகச் சுழல்வதில்லை. எனவே பார்வை கலங்காமல் இருக்கத் தலையையே நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இதை நேரிலேயே காணலாம். கோழியை இரு கைகளாலும் மெதுவாகப் பிடித்து உடலை மேலும் கீழுமாக அசைத்தால், அதன் தலை காற்றில் ஒரே புள்ளியில் நிற்கும். புல்லுக்குள் நகரும் ஒரு வெட்டுக்கிளியைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து கண்டுபிடிக்க, இந்த அசையாத தலைதான் பறவைக்கு உதவுகிறது.

நீருக்கு மேலே நிற்பவற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீருக்குள் இருக்கும் பொருளைச் சாய்வாகப் பார்த்தால், ஒளி விலகலால் அது இருக்கும் இடத்தைவிட்டு வேறொரு இடத்தில் இருப்பதாகத் தோன்றும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம்; வாளித் தண்ணீரில் குச்சியை நட்டுப் பார்த்தாலும் தெரியும். நேர்மேலிருந்து பார்த்தால் அந்தப் பக்கவாட்டுப் பிழை இல்லாமற்போகிறது. ஆழம் மட்டும் உண்மையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்காகத் தெரியும். மீனுக்கு நேர்மேலே நின்று, அங்கிருந்து செங்குத்தாக விழும் பறவை குறி தவறும் வாய்ப்பை இவ்வாறு குறைத்துக்கொள்கிறது.

முதலில் கீழே போவது அலகா, காலா?

பெயர் தெரியாத பறவை ஒன்று நிற்பதைக் கண்டதும், நிறத்தைத் தேடி அவசரப்படாமல், அது இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று புதியவர்களிடம் எப்போதும் கேட்டுக்கொள்வேன். அலகை முன்னிட்டுத் தலைகுப்புற விழுந்தால் அது மீன்கொத்தியாகவோ ஆலாவாகவோ இருக்கும். கால்களை முன்னே நீட்டி இறங்கினால் அது வேட்டையாடும் பறவை இனம். வல்லூறு, பருந்து, கழுகு ஆகியவற்றுள் ஒன்று. இந்த ஒரு வேறுபாடு, எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தாலும், எதிர்வெயிலில் பார்த்தாலும் தெரியக்கூடியது. நிறம் அப்படித் தெரிவதில்லை.

அலகால் பாய்பவற்றில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மணக்குடிக் காயலில், பழையாறு கடலைச் சேரும் பொழிமுகத்துக்கு மேற்புறம், வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நின்ற ஒரு முதியவரிடம், பல ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டேன்: "பாட்டா, அது என்ன பறவை?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மீன்கொத்திதான் மக்ளே. மரத்துல இருந்து பாயுறது ஒண்ணு, மானத்துல நின்னு பாயுறது ஒண்ணு" என்றார். நீலச் சிறகும் வெள்ளை மார்பும் கொண்டு மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை மட்டுமே மீன்கொத்தி என்று அறிந்திருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் பெரிய திறப்பாக அமைந்தது. வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே பாய்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியோ மரமோ கம்போ இல்லாத திறந்த நீர்ப்பரப்புக்கு நடுவிலும் வேட்டையாட வல்லது. காற்றே இல்லாத விடியற்காலையிலும் தன் சிறகின் வலிமையால் நிற்கக்கூடியது. சிறிய மீனாக இருந்தால், கரைக்குத் திரும்பாமல் பறந்தபடியே விழுங்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

அது நிற்கும் தோற்றம் ஒருமுறை பார்த்தால் மறக்காது. உடல் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். நீண்ட கருத்த அலகு மட்டும் நேர் கீழே நீரைக் குத்துவதுபோல் மடங்கியிருக்கும். சிறகுகள் மிக வேகமாக அடிப்பதால் தெளிவற்ற நிழலாகத் தெரியும். திடீரெனச் சிறகை மடித்துக் கல்போல் விழும். சில நேரம் பாதி வழியில் நின்று, இன்னொரு முறை குறிபார்த்துவிட்டு மறுபடி விழும். மைனாவை விடச் சற்றே பெரிய பறவை இது. ஆணின் மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள் உண்டு; பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் விட்டுப்போயிருக்கும். பறந்தபடியே கூர்மையாக ஒலியெழுப்பும் வழக்கம் இருப்பதால், பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடுவதும் உண்டு.

ஆலாக்களை இதிலிருந்து பிரிப்பது கடினமன்று. அவை மெலிந்த உடலும், கூரிய நீண்ட சிறகும், பெரும்பாலும் பிளவுபட்ட வாலும் கொண்டவை. வெள்ளையும் வெளிர்சாம்பலும் கலந்தவை. கடற்காகம் என்ற பொதுப்பெயரால் இவற்றையும் நாம் அழைத்துவிடுகிறோம். ஆனால் கடற்காகம் தடித்த உடலும் அகன்ற சிறகும் கொண்டது; நீரில் உட்கார்ந்து மிதப்பதிலும் கரையில் நடப்பதிலும் விருப்பமுடையது. ஆலா பறந்துகொண்டே தலையைக் குனிந்து நீரைப் பார்க்கும், இரை தெரிந்தால் ஓரிரு நொடிகள் சிறகடித்து நிற்கும், பிறகு விழும். மீன்கொத்தியைப் போல் நீண்ட நேரம் ஓரிடத்தில் நிற்பது இவற்றுள் அரிது. சிறிய ஆலா மட்டும், 25 சென்டிமீட்டருக்கும் குறைவான தன் உடலை வைத்துக்கொண்டு, மிக வேகமான சிறகடிப்போடு சற்று நேரம் நின்று குதிக்கும். தேரூர்க் குளத்திலும் புத்தளம் உப்பளப் பகுதியிலும் குளிர்காலத்தில் காணப்படும் மீசை ஆலா, பெரும்பாலும் நீருக்குள் மூழ்காமல் மேற்பரப்பை அலகால் தொட்டு எடுத்துக்கொண்டு எழும்பிவிடும். ஆலாக்களில் மிகப் பெரியதான காஸ்பியன் ஆலா அரை மீட்டர் நீளமும் தடித்த செவ்வலகும் உடையது. அதைக் கண்டவர்கள் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஆலாவைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மணலிலும் உப்பளக் கரைகளிலும் வெறுந்தரையில் முட்டையிடும் ஆலா வகைகள் உண்டு. கோடையில் அத்தகைய இடத்தில் நடக்கும்போது, ஒரு ஆலா நம் தலைக்கு நேர்மேலே நின்று ஓயாமல் கத்தினால், அது மீனைத் தேடவில்லை, நம்மைத் துரத்துகிறது. முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்பதே அதற்குப் பொருள். படம் எடுக்கக்கூட நிற்காமல், காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். வெயிலில் சில நிமிடங்கள் தாய் விலகியிருந்தாலே முட்டைகள் சூடேறிக் கெட்டுவிடக்கூடும்.

கால்களால் இறங்குபவை

இனி, முட்டத்தில் கண்ட அந்தப் பறவைக்கு வருவோம். நீருக்கு மேலே அல்லாமல், கடலையொட்டிய புல் சரிவுக்கு மேலே, நீண்ட நேரம், காற்றை எதிர்த்து, வாலை விசிறியாக விரித்து நிற்பது பெரும்பாலும் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு. அந்தரத்தில் நிற்பதையே தொழிலாகக் கொண்ட பறவை என்று இதைச் சொல்லலாம். 32 முதல் 36 சென்டிமீட்டர் வரை நீளம் உள்ளது. அதாவது காகத்தை விடச் சிறியது. சிறகு குறுகலாகவும் நுனி கூர்மையாகவும் இருக்கும். வால் உடலுக்குப் பொருந்தாத அளவு நீளமாகத் தோன்றும். முதுகு செங்கல் நிறம். ஆணின் தலையும் வாலும் சாம்பல் நிறம். வாலின் நுனியில் அகலமான ஒரு கருப்புப் பட்டை உண்டு. பெண்ணின் வால் பழுப்பாகவும் குறுக்கே பல மெல்லிய கோடுகளோடும் இருக்கும். நிற்கும்போது வால் விரிந்திருப்பதால், நல்ல வெளிச்சத்தில் இந்த வேறுபாடு கீழிருந்தே தெரியும்.

இது இறங்கும் விதமும் தனியானது. இரை தெரிந்ததும் ஒரே பாய்ச்சலில் தரைக்கு வருவதில்லை. சில மீட்டர் இறங்கி நின்று பார்க்கும். மறுபடி சில மீட்டர் இறங்கும். படிக்கட்டில் இறங்குவதுபோல் வந்து, கடைசியில்தான் கால்களை நீட்டி விழும். வெட்டுக்கிளி, பல்லி வகைகள், எலி ஆகியவை இதன் உணவு. நம் பகுதிக்கு வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வந்து செல்லும் கெஸ்ட்ரல்கள் ஒருபுறம் இருக்க, தென்னிந்திய மலைப் பாறைகளில் நிலையாக வாழும் சற்றுக் கருத்த நிறமுள்ள துணை இனமும் ஒன்று உண்டு. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் கண்டாலும், "இது வலசைப் பறவை, இப்போது இருக்க வாய்ப்பில்லை" என்று உடனே தள்ளிவிடக் கூடாது.

கெஸ்ட்ரலோடு குழப்பிக்கொள்ளத் தகுந்தது கருந்தோள் பருந்து. அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இது கீழிருந்து பார்த்தால் ஏறக்குறைய வெள்ளை, மேலே வெளிர்சாம்பல், தோளில் கருப்புத் திட்டு, கண்கள் சிவப்பு. நிற்கும் முறையும் வேறு. கெஸ்ட்ரல் சிறகைப் பக்கவாட்டில் விரித்துப் படபடக்க, கருந்தோள் பருந்து சிறகை மேல்நோக்கி உயர்த்தி, கால்களைச் சில நேரம் தொங்கவிட்டபடி அடிக்கும். இறங்கும்போது இரு சிறகுகளையும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் உயர்த்தி வைத்துக்கொண்டு, மெல்லத் தரையை நோக்கி அமிழும். இது வலசை போகாமல் ஆண்டு முழுவதும் நம்மிடையே வாழ்வது.

நீருக்கு மேலே, காகத்தை விட மிகப் பெரிய ஒரு பறவை கனத்த சிறகடிப்போடு நின்றால், விரால் அடிப்பானை நினைக்க வேண்டும். இதன் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டர் அளவுக்கு இருக்கும், மணிக்கட்டுப் பகுதியில் சிறகு வளைந்திருக்கும், அடிப்பகுதி வெள்ளை, கண்ணின் குறுக்காகக் கருத்த பட்டை ஓடும். நீரிலிருந்து கணிசமான உயரத்தில் நின்று குறிபார்த்து, கால்களை முன்னே நீட்டி நீரைப் பிளந்து விழுந்து, சில நேரம் முழுவதும் நனைந்து எழும். இதன் வெளிவிரலைப் பின்பக்கமாகவும் திருப்பிக்கொள்ள முடியும். பாதத்தின் அடியில் சொரசொரப்பான முட்போன்ற செதில்கள் உண்டு. வழுக்கும் மீனை முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்களாகப் பற்றி, மீனின் தலை முன்பக்கம் இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். குளிர்கால விருந்தாளியான இதை மணக்குடிக் காயலிலும், குழித்துறை ஆறு கடலைச் சேரும் தேங்காப்பட்டணத்துப் பொழியிலும், உள்நாட்டுப் பெருங்குளங்களிலும் தேடிப் பார்க்கலாம்.

இதையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் ஒன்றெனக் கருதுபவர்கள் உண்டு. இரண்டும் பெரியவை, இரண்டும் வெள்ளை வயிறுடையவை, இரண்டும் மீனைப் பிடிப்பவை. கடற்கழுகின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டர் வரை போகும். வால் குட்டையாகவும் ஆப்பு வடிவிலும் இருக்கும். அது சிறகை உயர்த்தி வைத்துக்கொண்டு அகல வட்டமிடுமே தவிர, விரால் அடிப்பானைப் போல் நின்று சிறகடிப்பதில்லை.

ஆரல்வாய்மொழியைச் சுற்றியுள்ள வறண்ட வெளிகளில், காற்றாலைகளின் பின்னணியில், பெரிய தலையும் வெளிறிய வயிறும் கொண்ட ஒரு கழுகு நின்று சிறகடிப்பதைக் கண்டால், அது குறுவிரல் பாம்புக் கழுகாக இருக்கலாம். கடற்கரையில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதால் இங்கே விரிக்கவில்லை. வானத்தில் மிக உயரத்தில் ஒரு புள்ளியாக நின்று விடாமல் பாடுவது வானம்பாடி. அது இரை தேடி நிற்பதன்று.

வெளிச்சமும் பருவமும்

நிறத்தைக் கடைசியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம், கடற்கரையில் நிறம் பொய் சொல்லும் என்பதே. வெளுத்த வானத்துக்கு எதிரே எந்தப் பறவையும் கருப்பாகத் தெரியும். மணலிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் பழுப்பு வயிறும் வெள்ளையாகத் தெரியும். இம்மாவட்டத்தில் இதைச் சமாளிக்க ஒரு வசதி இருக்கிறது. குமரிமுனையிலிருந்து நீரோடி வரையிலான கரை பெரும்பாலும் தென்மேற்கு நோக்கியது. ஆகவே சொத்தவிளையிலோ முட்டத்திலோ குளச்சலிலோ காலையில் கடலைப் பார்த்து நின்றால், வெயில் நம் முதுகில் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாமே நிழலுருவம்தான். வட்டக்கோட்டைப் பக்கம் கரை கிழக்கு நோக்கித் திரும்பிவிடுவதால் அங்கே நிலைமை தலைகீழ். பிற்பகலே நல்ல நேரம். கைபேசியில் படம் எடுப்பவர்கள் திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டால், கருப்புப் புள்ளி ஓரளவு நிறம் பெறும். ஒற்றைப் படத்தை விட, பத்து நொடிக் காணொளி பல மடங்கு பயன்படும். பறவை நின்ற விதமும் இறங்கிய விதமும் அதில்தான் பதிவாகின்றன.

பருவத்தையும் மறக்கக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம். விரால் அடிப்பானும் மீசை ஆலாவும் அப்போது வருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாள்களில், கரையை அண்டாத ஆழ்கடல் பறவைகளும் காற்றால் தள்ளப்பட்டு ஒதுங்குவதுண்டு. சோர்ந்து மணலில் உட்கார்ந்திருக்கும் அத்தகைய பறவையைக் கடலுக்குள் எறிந்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. நிழலான ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே சரி.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பார்த்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். பெயர்களைக் கொண்ட செயலியைத் திறப்பதற்கு முன்பு எழுதுவது முக்கியம். ஏனென்றால் திரையில் ஓர் அழகான படத்தைக் கண்டதும், நாம் பார்க்காத சிவப்புக் கண்ணையும் கருப்புத் தோளையும் பார்த்ததாகவே மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. நாள், நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, கீழே நீரா புல்லா மணலா, மைனா, காகம், பருந்து ஆகியவற்றுள் எந்த அளவு, எவ்வளவு நேரம் நின்றது, எப்படி இறங்கியது என்பதை எழுதியபின் மெர்லின் போன்ற செயலியைப் பார்க்கலாம். பறவைகளைக் கண்ட விவரங்களைத் திரட்டும் ஈபேர்ட் தளத்தில் பதிவிடும்போது இனம் உறுதியாகத் தெரியாவிட்டால், "ஆலா வகை" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளவும் அங்கே வழி உண்டு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 ஆம் ஆண்டில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தையும் வேம்பனூர் ஈரநிலத்தையும் பற்றிய அறிவு, இத்தகைய நேர்மையான சிறு பதிவுகளாலும் வளர்கிறது.

ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள், ஒரு ஜனவரி மாதத்தில், சொத்தவிளைக்குப் போகும் வழியில் ஒரு பறவையைக் கண்டு, "மாமா, வெள்ளையா ஒரு கடல் பறவை, ஆலான்னு நினைக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். வெள்ளை நிறமும் கடற்கரையும் சேர்ந்ததால் அவளுக்கு அப்படித் தோன்றியது இயல்பே. எழுதிவைத்ததை வாசிக்கச் சொன்னேன். காலை எட்டு மணி, காகத்தை விடச் சிறியது, சாலைக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கும் மணல் மேட்டுக்கும் நடுவிலுள்ள புல்தரைக்கு மேலே, சுமார் அரை நிமிடம் நின்றது, கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன, சிறகு இரண்டையும் மேலே தூக்கியபடி புல்லுக்குள் இறங்கியது, ஒரு நிமிடம் கழித்து எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டது. இவ்வளவும் அவள் தாளில் இருந்தது.

ஆலா புல்லுக்குள் இறங்கி ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்காது. அலகை முன்னிட்டு விழுவதே அதன் வழக்கம், கால்களைத் தொங்கவிட்டு அமிழ்வதில்லை. நின்றது நீருக்கு மேலேயும் அன்று. கால்களால் இறங்கியதால் வேட்டைப் பறவை. காகத்தை விடச் சிறியது என்பதால் கழுகுகள் இல்லை. சிறகைத் தூக்கி வைத்து இறங்கியதால் கெஸ்ட்ரலும் பெரும்பாலும் இல்லை. எஞ்சியது ஒன்றுதான். வெள்ளை நிறம் அதற்குப் பிறகே பொருந்தி வந்தது. அடுத்த வாரம் அவள் அதே சாலைக்கு மீண்டும் போனபோது, தோப்பின் ஓரத்தில் பட்டுப்போன ஒரு தென்னையின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. வெயில் அவள் முதுகுப் பக்கம் இருந்ததால், மடித்த சிறகின் தோளில் அந்தக் கருப்புத் திட்டு மை தொட்டு வைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது என்று அன்று மாலை சொன்னாள்.